தண்டுவடக் காயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டுவதா, குறைப்பதா?

தம்பிக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு மூன்று வருடம் ஆகிறது. முழுதாக அறுபடாத காயம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவான். போன வருடம் ஒரு மையத்தில் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் 40 சிட்டிங் எடுக்கச் சொன்னார்கள். யோசித்துவிட்டு வேண்டாம் என்றோம்.

அழுத்தம் கூட்டிய அறைக்குள் படுத்துச் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிப்பதுதான் ஹைப்பர்பேரிக். ஆழ்கடலிலிருந்து சட்டென்று மேலே வந்து பாதிக்கப்பட்டவருக்கும், ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் நல்ல வைத்தியம்தான். ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-இல், 'இந்த நோய்களுக்கு இது நிரூபணமாகவில்லை, ஏமாறாதீர்கள்' என்று போட்ட பட்டியலில் தண்டுவடக் காயமும் இருந்தது. அந்த அறையில் காதுவலி, தீ அபாயம் உண்டு என்பதும் தெரிந்ததுதான்.

மற்ற வழி நேர் தலைகீழ்: ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் குறைப்பது. எமரி பல்கலைக்கழகத்தின் ராண்டி ட்ரம்பவர் குழு 2014-இல் வெளியிட்ட சோதனையில் நாட்பட்ட காயமுள்ள 19 பேர் இருந்தார்கள். 9 சதவீத ஆக்சிஜன் 90 நொடி, அப்புறம் சாதாரணக் காற்று 60 நொடி. இப்படி 15 முறை, 5 நாள். ஒரு நாளைக்கு 40 நிமிடம்கூட ஆகாது. அப்படி விட்டுவிட்டு ஆக்சிஜன் குறையும்போது தண்டுவடத்தில் நரம்புகள் சேதி கடத்த உதவும் செரட்டோனின் சுரக்கிறது, நரம்புகளை வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதம் உருவாகிறது, மிச்சமிருக்கும் நரம்பு இணைப்புகள் பலப்படுகின்றன. இது எலிகளில் கண்டது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அதே சோதனையின் இன்னொரு பகுதி. குறைந்த ஆக்சிஜனை மட்டும் சுவாசித்தபோது நடை வேகம் கூடியது. அரை மணி நேர நடையும் சேர்ந்தபோதுதான் ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரம் நன்றாகக் கூடியது. அப்படியானால் நடைதான் முக்கியம் என்று பட்டது. ஹைப்பர்பேரிக் சேம்பருக்குப் போனால் போக வர நேரம், உள்ளே சும்மா படுத்திருக்கும் நேரம், வீடு திரும்பினால் களைப்பு. அன்றைக்குப் பிசியோ அம்போ. அதை 40 நாள் இழக்க மனம் வரவில்லை.

குறைந்த ஆக்சிஜனை நாங்கள் முயன்று பார்த்ததில்லை. என் சாய்வு படித்ததில் வந்தது. ஐந்து நாள், 19 பேர் என்பது சின்னச் சோதனைதான். விளையாட்டு வீரர்கள் வாங்கும், ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுக்கும் மலைக்காற்று மெஷினை ஆன்லைனில் வரவழைக்கலாம் என்றார் சித்தப்பா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயும் ஆக்சிஜனைக் குறைப்பதுதான், அது உடம்பைக் கெடுக்கிறது. அளவு தப்பினால் கதை வேறு. தம்பிக்கோ திடீரென்று பிரஷர் ஏறும். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம் என்றேன்.

சிட்டிங்குக்கு எடுத்து வைத்த காசில் இப்போது பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறார்.