புகையா, தேங்காய் நாரா?
அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்குப் புகை அடிக்க ஆள் வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். ஆனால் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீர் டிரம்மில் நெளிகிற கொசுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. டெங்கு பரப்பும், காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும். நாமோ புகை வந்ததும் கதவைச் சாத்துகிறோம், அப்புறம் எப்படி? தெருவில் காய்ச்சல் பரவும்போது வேண்டுமானால் புகை சரி.

மற்றபடி எனக்கு நார்தான். மேட்டூர் தண்ணீர் பிடிக்கும் டிரம்மைக் காலி செய்து, உள்பக்கம் தண்ணீர் நின்ற தடத்தை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மிளகுத்தூள் போல ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் தேய்ப்பு. இடுப்பு பிடித்துக்கொள்ளும், அது வேறு கதை.