யோசிச்ச ரைமும் கரண்ட் எடுத்த ரைமும்: ஆறு வருசம் ஒன்லைன்ல விளையாடின அனுபவம்

2019 கடைசியில இருந்து ஒன்லைன்ல விளையாடுறன். முதல் செஸ், பேந்து கறுப்பு வெள்ளைக் கல்லு வைச்சு இடம் பிடிக்கிற கோ, பேந்து நாலு பேர் சேந்து விளையாடுற போர்ட் கேமுகள். இருக்கிறது வன்னியில ஒட்டுசுட்டான் பக்கம், வயல் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில செய்யிறது, கையில ஒரு பழைய போன், வீட்டில ஒரு ரவுட்டர், சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு, மழை வந்தா அதுவும் இல்லை. எந்த சைட் வடிவு, எந்த அப் லேசு எண்டு எழுத வேற ஆக்கள் இருக்கினம். நான் எழுத வந்தது காய் நகர்த்தக் குடுக்கிற ரைமைப் பற்றி மட்டும்தான், ஏனெண்டா இந்த ஆறு வருசத்தில நான் சந்தோசப்பட்டதும் சரி, மனம் நொந்ததும் சரி, கனக்க அதாலதான்.

போன வருசம் தங்கச்சியின்ட மூத்தவன், பத்து வயசு, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வைச்ச ஒரு ஒன்லைன் போட்டியில விளையாடினவன். ஆளுக்கு 10 நிமிசம், ஒவ்வொரு காய்க்கும் (ஒருக்கா நகர்த்துறதைத்தான் ஒரு காய் எண்டு சொல்லுறன்) கூட்டித் தாற செக்கன் ஒண்டும் இல்லை. நாலாவது கேம், இவனிட்ட ஒரு கோட்டையும் மூண்டு காலாளும், மற்றப் பிள்ளையிட்ட ராசாவும் ஒரே ஒரு காலாளும். ரெண்டு நிமிசத்துக்கு மேல ரைம் நிக்குது. அந்த நேரம் பாத்து கரண்ட் போட்டுது. ரவுட்டர் நிண்டுது, நான் ஓடிப்போய் என்ட போனில டேட்டாவைப் போட்டு ஹொட்ஸ்பொட் குடுத்து அவன் திரும்ப உள்ள வர 25 செக்கன்தான் மிச்சம். பிள்ளை கை நடுங்க நடுங்க காலாளைக் கொண்டுபோய் ராணியாக்கினவன், செக்மேற்றுக்கு இன்னும் நாலைஞ்சு காய் இருக்கேக்க மணி விழுந்திட்டுது. மற்றப் பிள்ளையிட்ட அந்த ஒத்தைக் காலாளும் இல்லாம வெறும் ராசா மட்டும் நிண்டிருந்தா, ரைம் முடிஞ்சாலும் டிரோ. செக்மேற் பண்ண ஏலாதவனுக்கு வெற்றி குடுக்கிறேல்லை எண்டு உலகச் செஸ் சம்மேளனம் ஃபீடேயின்ட விதியிலயே இருக்கு. ஆனா அந்தக் காலாள் நிண்டதால முழுத் தோல்வி. நடத்தினவையிட்ட எழுதிக் கேட்டன், எல்லாருக்கும் ஒரே ரைம்தானே குடுத்தது, விதி விதிதான் எண்டு பதில் வந்துது. பிள்ளை அழேல்ல, சாப்பிடாம இருந்து கன நேரத்துக்குப் பிறகு ஒண்டுதான் சொன்னான், "மாமா, நான் யோசிச்சு ரைம் போகேல்லை, கரண்ட் போய்த்தான் போனது."

அண்டைக்கு இருந்து நான் எந்த விளையாட்டைப் பாத்தாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேக்கிறனான். இந்த மணிக்கூடு விளையாடுறவன் யோசிச்ச நேரத்தை எண்ணுதோ, இல்லாட்டி அவன்ட கரண்டையும் ரவரையும் சேத்து எண்ணுதோ? கொழும்பில ஜெனரேட்டரும் ஃபைபரும் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு 10 நிமிசமெண்டா அது 10 நிமிசம். எங்கட பிள்ளைக்கு அது 10 நிமிசம் இல்லை, நல்ல நாளில ஒன்பதரை, கெட்ட நாளில எட்டு.

இதுக்குப் பாதி மருந்து எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. செஸ்ஸில உலகச் சம்பியனா இருந்த பொபி ஃபிஷர் ஒரு காய் வைச்ச உடன ரைம் கொஞ்சம் கூடுற மணிக்கூட்டுக்கு 1989 இல பேற்றன்ற் எடுத்தவர், 1992 இல பழைய எதிராளி ஸ்பாஸ்கியோட திரும்ப விளையாடேக்க அந்த மணிக்கூட்டிலதான் விளையாடினவை. இப்ப ஃபீடேயின்ட பெரிய போட்டியளில 40 காய்க்கு 90 நிமிசம், பிறகு மிச்சத்துக்கு 30 நிமிசம், முதல் காயில இருந்தே காய்க்கு 30 செக்கன் கூடும். ஒன்லைன்ல அதை 10+5, 15+10 எண்டு எழுதுவினம். முதல் இலக்கம் கையில தாற நிமிசம், ரெண்டாவது ஒவ்வொரு காய்க்கும் கூடுற செக்கன். 40 காய் எண்டு வைச்சுப் பாத்தா 10+0 இல ஒரு காய்க்கு 15 செக்கன், 10+5 இல 20 செக்கன். பெரிய வித்தியாசம் இல்லைத்தானே எண்டு நினைப்பியள், ஆனா விசயம் கடைசியிலதான் இருக்கு. கூடுற செக்கன் இல்லாட்டி வெல்லுற நிலையில இருந்தும் கை வேகம் இல்லாதவன் தோப்பான், அஞ்சு செக்கன் கூடினா ராணியை வைச்சு மேற் பண்ணத் தெரிஞ்சவன் ஆறுதலா மேற் பண்ணுவான். அண்டைக்கு அந்த அஞ்சு செக்கன் இருந்திருந்தா எங்கட பிள்ளை வெண்டிருப்பான். பிள்ளையளுக்குப் போட்டி வைக்கிறவை கூட்டுற செக்கன் இல்லாம வைக்கிறது பிழை எண்டு நான் எங்கயும் சொல்லுவன்.

கோ விளையாடத் தொடங்கினது 2021 இல, ஓஜிஎஸ் எண்டு சொல்லுற ஒன்லைன் கோ சேர்வரில. ஜப்பான்காரரின்ட பியோயோமி எண்டொரு முறை அங்க இருக்கு, எனக்கு அதில சரியான விருப்பம். கைரைம் முடிஞ்சாப் பிறகு 30 செக்கன் துண்டு அஞ்சு தருவினம் எண்டு வையுங்கோ. ஒரு காயை 30 செக்கனுக்குள்ள வைச்சா அந்தத் துண்டு குறையாது, திரும்ப முழுசா வரும், பிந்தினா ஒரு துண்டு போகும், அஞ்சும் போனாத்தான் தோல்வி. இஞ்ச கரண்ட் ஒருக்கா கண்ணடிச்சா போறது ஒண்டு ரெண்டு துண்டுதான், கேம் போகாது. வன்னியில இருந்து விளையாடுறவனுக்கு அஞ்சு உயிர் எண்ட மாதிரி.

நெற் இழுபடுறதுக்கும் ஒரு வழி இருக்கு. லிசெஸ் எண்ட செஸ் சைட்டில, காய் சேர்வருக்குப் போய்ச் சேர எடுக்கிற சின்னப் பிந்தலை ஒரு அளவு வரைக்கும் கணக்கில கழிச்சுத் தாறவை, அதைக் காசு வாங்காமத் தாறவை, நன்றி. ஆனா அது அரைச் செக்கன் கணக்குக்குத்தான் உதவும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, ஞாபகம் இருக்குத்தானே, ரவரில இருந்த பற்றரியும் இறங்கி சிக்னலும் செத்துப்போன நாளுகள் அது. பேந்து 2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முதலே நாடு முழுக்க இருண்டது, பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பட்டதாம் எண்டு சொன்னவை. அண்டைக்கு நான் ஒரு 15+10 கேமில நல்லா நிண்டனான். அதை எந்தச் சேர்வர் கழிச்சுத் தரும்?

இதில மனுசரும் இருக்கினம் எண்டு எனக்குக் காட்டினது 2023 தை மாசம் ஒரு இரவு. காலபோக நெல்லு முத்தி நிக்குது, நான் காவல் கொட்டிலில, போன் வெளிச்சத்தைக் குறைச்சு வைச்சு லிசெஸ்ஸில ஆரோ ஒரு வெளிநாட்டு ஆளோட 15+10 விளையாடுறன். வரம்புக்கு அங்கால பத்தைக்குள்ள கிளை முறியிற சத்தம். முதல் மாடெண்டு நினைச்சன், பேந்து அந்த மூச்சுச் சத்தம், அது கேட்டவனுக்குத்தான் தெரியும். சாட்டில ஆங்கிலத்தில எலிபன்ட், வெயிட் எண்டு ரெண்டே சொல்லு எழுதிப்போட்டு, போனை ஓலைக்குள்ள செருகிவிட்டு, டோர்ச்சையும் வெடியையும் எடுத்துக்கொண்டு இறங்கிட்டன். என்ட மணியில அப்ப ஆறு நிமிசம். பக்கத்து வயல்காரரும் கத்த, ரெண்டு வெடி போட, அது மெல்ல மெல்ல காட்டுப்பக்கம் திரும்பிச்சுது. திரும்பி வர 10, 11 நிமிசம் ஆகியிருக்கும். கேம் முடிஞ்சிருக்கும் எண்டுதான் போனை எடுத்தன். பாத்தா என்ட மணியில ரெண்டே முக்கால் நிமிசம் நிக்குது! எதிராளிக்கு 15 செக்கன் கூட்டிக் குடுக்க அங்க ஒரு பட்டன் இருக்கு, அந்த ஆள் அதை ஒரு 30 தரமாவது அமத்தியிருக்கும். நான் வெளிய போயிட்டன், வெற்றியை எடு எண்டு திரையில கேட்டிருக்கும், அதை அமத்தேல்ல. சாட்டில "பயிர் சரியோ?" எண்டு கேட்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிட்டுது. அந்தக் கேமை நான் தோத்தனான், 52 ஆவது காயில, வடிவாத் தோத்தனான். அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் நாள்க்கணக்கில விளையாடுறம்.

நாள்க்கணக்கு எண்டா ஒரு காய்க்கு ஒரு நாள், மூண்டு நாள், அப்பிடியே 14 நாள் வரைக்கும். எனக்கு அனுபவத்தில சரியா வந்தது மூண்டு நாள். ஒரு நாளெண்டா எங்களுக்குக் காணாது, மற்ற ஆள் அமெரிக்காவில இருந்தா அவர் காய் வைக்கிறது எங்கட நடுச்சாமம், நான் காலமை வயலுக்குப் போய் பொழுதுபட வந்து சாப்பிட்டு இருக்கேக்க நாளில பெரும்பங்கு போட்டுது, அண்டைக்கு ரவரும் இல்லையெண்டா தோல்விதான். 14 நாளெண்டா மற்றப் பக்கம் அநியாயம். 40 காய்க்கு 14 நாள்படி ஒரு ஆளுக்கே 560 நாள் வரும், ரெண்டு பேரும் அப்பிடி எடுத்தா மூண்டு வருசம். ஒரு சைட்டில எனக்கு இது நடந்தது, நல்லா விளையாடிக்கொண்டிருந்த ஒருத்தர் ராணியை விட்ட அண்டையில இருந்து ஒவ்வொரு காய்க்கும் 13 நாளும் சொச்சமும் எடுக்கத் தொடங்கினார், நான் களைச்சு விட்டிட்டுப் போவன் எண்ட எண்ணம். காத்திருக்கிறவனுக்கும் ஒரு ஆயுள் இருக்கு, அவன்ட நேரமும் நேரம்தான், அதை மறந்திட்டு எங்களுக்கு மட்டும் இரக்கம் காட்டுங்கோ எண்டு நான் கேக்கேல்ல. கடிதச் செஸ் நடத்துறவை பழைய முறையில 10 காய்க்கு 50 நாள் எண்டு மொத்தமாக் குடுக்கிறவை, எனக்கு அது நல்ல யோசனையாப் படுது. வேலையில்லாத கிழமை அஞ்சு காய் டக்கெண்டு வைச்சிட்டு, அறுவடைக் கிழமைக்கு நாளைச் சேமிச்சு வைக்கலாம். பிடிக்காதது எண்டா, காசு கட்டின ஆளுக்கு லீவு நாள் கூடவும் கட்டாத ஆளுக்குக் குறையவும் குடுக்கிறது. ராணியைக் காசுக்கு விக்கமாட்டம், ஆனா ரைமை விப்பம் எண்டா அது என்ன நியாயம்?

நாலு பேர் கேமில இது இன்னும் சிக்கல், ஏனெண்டா ஒருத்தன் நிண்டா மூண்டு பேர் நிக்கினம். ஒரு சைட்டில வெள்ளத்துக்கு மூண்டு நாள் சிக்னல் இல்லாம இருந்திட்டு வந்து பாத்தா என்னை மேசையில இருந்து எழுப்பிவிட்டிருக்கு, அது பரவாயில்லை, மற்ற மூண்டு பேருக்கும் கேம் போகோணும்தானே. ஆனா என்ட பேருக்குப் பக்கத்தில இடையில விட்டு ஓடுறவர் எண்ட மாதிரி ஒரு கெட்ட புள்ளி போட்டு, அதுக்குப் பிறகு ஒரு மாசமா நல்ல ஆக்கள் ஒருத்தரும் என்னை மேசையில சேக்கேல்ல. நான் ஓடினவன் இல்லை. நூறு கேமுக்கு மேல ஒழுங்கா முடிச்சவன் ஒருக்கா காணாமப்போனா அதையும், தோக்கிற நேரம் மட்டும் காணாமப்போறவனையும் பிரிச்சறியிறது ஒரு கொம்பியூட்டருக்குப் பெரிய வேலையே? கணக்கு எல்லாம் அவையிட்டத்தானே கிடக்கு.

சின்னனில அப்பாவோட, கோடு கீறி விளையாடுற நாயும் புலியும் விளையாடேக்க அவர் ஒரு காயைக் கையில வைச்சுக்கொண்டு கன நேரம் இருப்பார், நடுவில மாடு கட்டையை இழுத்துக்கொண்டு போனா எழும்பிப் போய்ப் பிடிச்சுக் கட்டிப்போட்டு வருவார், நாங்கள் கோட்டை அழிக்காமக் காத்திருப்பம். ஆனா மாடு நிக்குது, இவர் சும்மா முகட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டா, "அப்பா, வையுங்கோ" எண்டு நாங்களே கத்துவம். எது மாடு, எது முகடு எண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

மருமகனுக்கு இப்ப நான் சேத்துவிடுறது 15+10 போட்டியள் மட்டும்தான், ரவுட்டருக்கு ஒரு சின்னப் பற்றரியும் வாங்கி வைச்சாச்சு. எனக்கு நேரடி விளையாட்டு மழைகாலத்தில இல்லை, கோ எண்டா பியோயோமி, மற்றதெல்லாம் மூண்டு நாள். அந்த யானை இரவு ஆளோட இப்ப ஒன்பதாவது கேம். அவர்ட குதிரை எஃப் 5 கட்டத்தில வந்து நிக்குது, வெட்டினா கோட்டைப்பக்கம் திறக்கும், விட்டா ராசாவுக்கு மூச்சில்லை. எனக்கு இன்னும் ஒரு நாளும் 19 மணித்தியாலமும் கிடக்கு, நாளைக்கு காலமை உரம் எறிஞ்சு முடிச்சிட்டு வந்து பாப்பம்.