வீட்டுப்பாடம்: தினம் வரும் டைரியா, வாரம் ஒருமுறை வரும் தாளா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. மகன் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியில் தினசரி டைரி. அன்று நடத்தியதை அன்றே எழுதி, நம் கையெழுத்தோடு மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். மகளுக்கு இடம் தேடியபோது ஃபீஸ், தூரம், வேன் எல்லாம் இரண்டு பள்ளிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் மட்டும் டைரிக்குப் பதில் வாரத் தாள். அதற்காகவே அங்கே சேர்த்தோம். நான் எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை பையில் ஒரே ஒரு தாள் வரும். அந்த வாரத்து ஆங்கிலச் சொற்கள் பத்து, கன்னட எழுத்துகள் நான்கைந்து, கணக்கில் எதுவரை, புதன்கிழமை வகுப்பின் முன் நின்று பேச ஒரு விஷயம், வெள்ளிக்கிழமை டிக்டேஷன், நூலகப் புத்தகம் திருப்பும் நாள். ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டால் முடிந்தது.

பை எடை, குழந்தைக்குக் கை வலி, விளையாட நேரமில்லை என்பதெல்லாம் எல்லோரும் பேசியதுதான். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையே இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மாலையில் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேசவிட்டால் போதுமாம். மகனுடைய பழைய டைரியைப் புரட்டினால் சிரிப்புதான் வருகிறது.

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது கன்னடம். 2015-ம் ஆண்டுச் சட்டத்தால் கர்நாடகத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலேயே கன்னடம் வந்துவிடுகிறது. வரட்டும், இந்த ஊரில் பிழைக்கிறோம், பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். சிக்கல் எங்களிடம். நானும் வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரிடம் மணிக்கணக்கில் கன்னடம் பேசுவோம். எழுத்தாக வந்தால் பஸ் போர்டோடு சரி. நம் ஒரு ‘க’வுக்கு அங்கே நான்கு. மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அந்த நான்கில் எது என்று எனக்கே தெரியாது. ‘ப’வுக்குள் ஒரு சின்னக் கோடு இழுத்தால் ‘ஷ’ ஆகிவிடும். அந்தக் கோடு சும்மா அழகுக்கு என்று நான் நினைத்து, அவனை ஒரு பக்கம் முழுக்க ‘ப’ எழுத வைத்தேன். மறுநாள் முழுப் பக்கத்துக்கும் சிவப்பு மை.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி டீச்சர் இருக்கிறார். ஆனால் இரவு எட்டரைக்கு டைரியும் கையுமாக ஒருவர் வீட்டுக் கதவைத் தினமும் தட்ட முடியுமா? இரண்டு நாள் போனேன், மூன்றாம் நாள் கூச்சமாகிவிட்டது. தினசரி முறை, வீட்டில் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. கன்னடம் தெரிந்த வீட்டில் அது பத்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் அது ஒரு மணி நேரச் சண்டை.

வாரத் தாள் வந்தபின் செவ்வாய் மாலை அரை மணி நேரம் மகளோடு டீச்சர் வீட்டுக்குப் போகிறோம். முதல் வாரம் நான் அ, ஆ என்று ஆரம்பித்தேன், அவர் தடுத்துவிட்டார். 1995-ல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கிய, விளையாட்டாகக் கற்பிக்கும் நலி-கலி முறையில் முதலில் வருபவை ர, க, ஸ, த, அ (க, த இரண்டும் ga, da ஒலி). ஐந்தே எழுத்தில் குழந்தை சொல் கட்டத் தொடங்கிவிடும் என்றார். ‘அரஸ’ என்று எழுதிக் காட்டினார். நம் அரசன்தான். கரகஸ என்றால் ரம்பம். அன்று இரவே மகள் வீட்டுச் சுவரில் அரஸ எழுதினாள், அது வேறு கதை. பள்ளித் தாளின் வரிசை வேறு. ஆனாலும் அந்த வாரத்து எழுத்துகளைக் கொண்டே என்னென்ன சொல் வரும் என்று தேடுவதுதான் இப்போது எங்கள் செவ்வாய்க்கிழமை விளையாட்டு.

டைரிக்கு நல்ல பக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளை எதில் தடுக்குகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தாளில் அது வெள்ளிக்கிழமைதான் தெரியும். வியாழன் இரவு பத்துச் சொற்களையும் ஒரே மூச்சில் திணித்த வாரங்கள் எங்களுக்கும் உண்டு. டிக்டேஷனில் பத்துக்குப் பத்து, திங்களன்று பாதி காணோம். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கும் வீட்டில் டைரியே சுலபமாக இருக்கலாம். மகள் இயல்பிலேயே சொன்னால் உட்காருகிறவள், மகன் நாற்காலியில் நில்லாதவன். எது முறையின் குணம், எது பிள்ளையின் குணம் என்று பிரிக்க எனக்கு வழியில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேல் வாரத் தாள் தாங்குமா என்பதும் அவள் அங்கே போனால்தான் தெரியும்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் போன மாதத்துத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்துகளும் சொற்களும் அச்சிட்டிருந்தால் கீழ்வீட்டில் காட்டிக் கேட்கலாம். ‘கன்னடம்: பாடம் 3’ என்று மட்டும் இருந்தால் அதுவும் டைரிதான், வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, அவ்வளவே.