பைகேம் 1.9.6-இலிருந்து 2-க்கு: நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு கணக்கெடுப்பு

கணினி விளையாட்டுகள் எழுத உதவும் பைத்தான் நூலகமான பைகேமின் 1.9.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த நிரலை 2-க்கு மாற்றினால் பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே சாளரம் திறந்துவிடும். படம் வரும், ஒலி வரும், சுட்டி வேலை செய்யும். மேம்படுத்தல் முடிந்தது என்று பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பைகேம் 2-இல் கோளாறுகள் பெரும்பாலும் பிழைச்செய்தியோடு வருவதில்லை. செயற்கூறுகளின் பெயர்கள் பழையபடியே இருக்கின்றன. பின்னாலிருக்கும் எண்களும் இயல்பு மதிப்புகளும் மாறியிருக்கின்றன. தேட வேண்டியது அவற்றைத்தான்.

காரணம் எளிது. பைகேம் என்பது திரை, ஒலி, விசைகளைக் கையாளும் எஸ்டிஎல் என்ற சி நூலகத்தின் மேல் போடப்பட்ட பைத்தான் பிணைப்பு. 2000 அக்டோபரில் தொடங்கி 1.9 வரிசை முடியும் வரை அடியில் இருந்தது எஸ்டிஎல் 1 வரிசை. சரியாக இருபது ஆண்டு கழித்து, 2020 அக்டோபர் 28 அன்று வந்த 2.0.0-இல் அது எஸ்டிஎல் 2 ஆனது. சாளரம், விசை, ஒலி, திரைமுடுக்கம் என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதிய நூலகம் அது. அதன்மேல் பழைய முகப்பை அப்படியே நிறுத்திக் காட்டியது பெரிய உழைப்பு. அந்த உழைப்பின் பக்கவிளைவுதான் இங்கே பட்டியலாகிறது.

முதலில் நிறுவல். பழைய பதிப்பில் தங்கியிருக்கும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. 1.9.6-ஐ மூலத்திலிருந்து கட்டுவதற்கு பைத்தானோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கட்டுமானத் தொகுதி வேண்டும், பைத்தான் 3.12-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. டெபியன் 12, உபுண்டு 24.04 போன்றவற்றில் கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் பொதி நிறுவும் கருவியான பிப் எதையும் நிறுவ விடாது. வென்வ் என்ற தனித்த பைத்தான் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். பைத்தானின் மிகப் புதிய பதிப்புக்கு ஆயத்த வீல் (முன்பே கட்டிவைத்த பொதி) இன்னும் வராத நாட்களில் பிப் தானே கட்ட முயன்று, எஸ்டிஎல் கிடைக்கவில்லை என்று விழும். அப்போது எஸ்டிஎல் 2, அதன் இமேஜ், மிக்சர், டிடிஎஃப் ஆகிய நான்கின் டெவ் பொதிகளும் (கட்டுவதற்கான கோப்புகள் கொண்டவை) ஃப்ரீடைப், போர்ட்மிடி இரண்டின் டெவ் பொதிகளும் வேண்டும். அதைவிட ஒரு பதிப்பு பின்தங்கிய பைத்தானை எடுத்துக்கொள்வது நிம்மதி.

இன்னொரு குழப்பம் இங்கே உண்டு. 2023-இல் பிரிந்த பைகேம்-சிஇ என்ற கிளையும் ‘பைகேம்’ என்ற அதே பெயரில்தான் இம்போர்ட் ஆகிறது. இரண்டையும் ஒரே சூழலில் நிறுவினால் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு, எது ஓடுகிறது என்றே தெரியாமல் போகும். ஒன்றை அன்இன்ஸ்டால் செய்த பிறகே மற்றொன்று. நிரல் தொடங்கும்போது பைகேமின் பதிப்பு எண்ணையும் கெட்_எஸ்டிஎல்_வெர்ஷன் தரும் எண்ணையும் பதிவுக் கோப்பில் எழுதிவிடுவது பிற்பாடு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி விசைகள். அதிகம் சேதம் நடப்பது இங்கேதான். எழுத்து விசைகளின் எண்கள் மாறவில்லை. ‘ஏ’ இரண்டிலும் 97. ஆனால் அம்பு விசை, எஃப் வரிசை, ஷிஃப்ட், கன்ட்ரோல், எண்பலகை எல்லாம் மாறிவிட்டன. மேல் அம்பு முன்பு 273, இப்போது 1073741906. எஃப்1 282-ஆக இருந்தது, இப்போது 1073741882. நிரலில் கே_அப் என்று மாறிலியாக எழுதியிருந்தால் கவலையில்லை. விளையாடுபவர் தேர்ந்தெடுத்த விசைகளை ஜேசன் கோப்பில் எண்ணாகச் சேமித்திருந்தால், மேம்படுத்திய அன்று அந்த விசைகள் வெறுமனே செத்துக் கிடக்கும். பிழை எதுவும் வராது.

தீர்வு, எண்ணுக்குப் பதில் பெயரைச் சேமிப்பது. கீ.நேம் எண்ணைப் பெயராக்கும்; பைகேம் 2-இல் வந்த கீ.கீ_கோட் பெயரை எண்ணாக்கும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் மாற்று அட்டவணை எழுதுங்கள். அடையாளம் காண்பது சுலபம்: பழைய சிறப்பு விசைகள் 256-க்கும் 322-க்கும் இடையில் இருக்கும், புதியவை நூறு கோடிக்கு மேல். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

கெட்_பிரெஸ்டு தரும் பட்டியலும் இப்படித்தான். கே_லெஃப்ட் என்று மாறிலியைக் கொடுத்துக் கேட்டால் சரியான விடை வரும். ஆனால் ‘எந்த விசையாவது அழுத்தப்பட்டிருக்கிறதா’ என்று பட்டியல் முழுவதையும் சுற்றிவந்து வரிசை எண்ணை எடுக்கும் பழைய வழக்கம் தவறான விசையைச் சொல்லும். ஏனென்றால் உள்ளே இருப்பது விசை எண் வரிசை அல்ல, விசைப்பலகையில் விசை இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஸ்கேன்கோட் வரிசை. புதிய பதிப்புகள் அந்தச் சுற்றையே மறுத்துப் பிழை காட்டுகின்றன. அது நல்ல மாற்றம். 2.0 வாய்மூடி இருந்தது.

நிகழ்வு எண்களும் மாறின. கீடவுன் 2-இலிருந்து 768-க்கும், குவிட் 12-இலிருந்து 256-க்கும் போயின. மாறிலிப் பெயருக்குப் பதில் 12 என்று நேரடியாக எண் எழுதிய நிரலில் மூடும் பொத்தான் வேலை செய்யாது. பழைய பதிப்பில் சொந்த நிகழ்வுகளுக்கு 24 முதல் 31 வரை எட்டு எண்கள்தான் இருந்தன. அதனால் ‘யூசர்ஈவென்ட் கூட்டல் 3’ என்று எண்ணி எண்ணி எழுதினோம். இப்போது ஈவென்ட்.கஸ்டம்_டைப் ஒவ்வொரு முறையும் மோதாத புதிய எண்ணைத் தருகிறது. உதவித் தொகுதிகள் இரண்டு மூன்று சேர்ந்த நிரலில் இதன் மதிப்பு தெரியும்.

ஒலிதான் நம்மை அதிகம் ஏமாற்றும் பகுதி. 1.9-இல் ஒலிகளைக் கலந்து ஒலிக்கும் மிக்சரின் இயல்பு அதிர்வெண் 22050, இடையகம் (ஒலிக்கும் முன் தரவு சேரும் இடம்) 4096 மாதிரிகள். பைகேம் 2-இல் 44100, 512. கணக்குப் போட்டால் ஓர் இடையகத்தின் நீளம் 186 மில்லிவினாடியிலிருந்து 12 மில்லிவினாடிக்கு வந்துவிட்டது. துப்பாக்கிச் சத்தம் பொத்தானுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்த பழைய சலிப்பு இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். மேம்படுத்தியதில் கைக்கு முதலில் தெரியும் நன்மையும் இதுதான்.

ஆனால் நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் அணிவரிசையில் அலையைக் கணக்கிட்டு மேக்_சவுண்ட் மூலம் ஒலிக்கும் நிரல்கள் உண்டு. 22050-க்குக் கணக்கிட்ட அலை 44100-இல் ஓடினால் இரட்டை வேகம், ஒரு ஸ்தாயி மேலே. மத்திய ஸட்ஜம் தார ஸட்ஜமாகக் கேட்கும். இதோடு, கேட்ட அமைப்பைக் கருவி தராவிட்டால் வேறு அதிர்வெண்ணையும் சேனல் எண்ணிக்கையையும் ஏற்றுக்கொள்ளும் அனுமதி பைகேம் 2-இல் இயல்பாகத் திறந்திருக்கிறது. ஆறு ஒலிபெருக்கி இணைத்த கணினியில் இரண்டு நெடுவரிசை அணி பொருந்தாமல் விழலாம். மிக்சர்.இனிட்டில் அதிர்வெண், அளவு, சேனல், இடையகம் நான்கையும் வெளிப்படையாக எழுதி, அலவ்டுசேஞ்சஸ் என்பதற்கு 0 கொடுத்தால் இரண்டு சிக்கலும் தீரும். மெதுவான கணினியில் 512 போதாமல் கரகரத்தால் 1024 வையுங்கள். 23 மில்லிவினாடி காதுக்குத் தெரியாது.

திரைப் பக்கம் ஒப்பீட்டில் சாது. எச்டபிள்யூசர்ஃபேஸ் கொடிக்கு இப்போது வேலை இல்லை. டபுள்பஃப் ஓப்பன்ஜிஎல் சாளரத்தில் மட்டுமே பொருள்படும். இரண்டையும் எடுத்துவிடலாம். விண்டோஸில் எஸ்டிஎல்_வீடியோடிரைவர் சூழல்மாறிக்கு ‘விண்டிப்’ என்று எழுதிய வரி இருந்தால் பைகேம் அதை ‘விண்டோஸ்’ என்று தானே மாற்றிக்கொள்ளும், அதையும் எடுத்துவிடலாம். அந்தப் பெயர் எஸ்டிஎல் 1-ஓடு போயிற்று. சாளரத்தின் அளவு மாறும்போதெல்லாம் செட்_மோட் அழைக்கும் பழைய துண்டையும் நீக்குங்கள், இப்போது திரைப்பரப்பு தானே நீள்கிறது. மூவி, சிடிராம் தொகுதிகள் கிடையாது.

ஸ்கேல்டு கொடி மட்டும் தனியே சொல்லத் தகும். 320-க்கு 180 என்று சிறிய அளவில் வரைந்து, திரை எவ்வளவு பெரிதானாலும் அதற்கேற்பப் பெருக்கிக் காட்டும். சுட்டியின் இடத்தையும் சிறிய அளவுக்கே மாற்றித் தரும். இதோடு, திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போகும் விசிங்க் 1 என்று கேட்டால் படக்கிழிசலும் பெரும்பாலும் போய்விடும். விசிங்க் வேலை செய்ய ஸ்கேல்டோ ஓப்பன்ஜிஎல்லோ கட்டாயம். வெறும் செட்_மோட்டில் கேட்டுவிட்டுக் கிழிகிறதே என்று தேடுவதில் பயனில்லை.

படங்களின் ஊடுருவலில் ஒரு சத்தமில்லாத மாற்றம். கன்வர்ட்_ஆல்ஃபா செய்த, புள்ளிதோறும் தனி ஊடுருவல் கொண்ட படத்துக்கு, முழுப் படத்தின் ஊடுருவலைச் சொல்லும் செட்_ஆல்ஃபா கொடுத்தால் 1.9 கண்டுகொள்ளாது, பைகேம் 2 இரண்டையும் பெருக்கிக் காட்டும். பயனில்லாமல் கிடந்த செட்_ஆல்ஃபா வரி ஒன்று, மேம்படுத்தியதும் உயிர்பெற்று, படம் பாதி மங்கித் தெரியும். அந்த வரியை நீக்கினால் சரி. மறுபுறம், படம் மெல்ல மறைவதற்குப் புள்ளி புள்ளியாக நம்பையில் கணக்கிட்ட சுற்றுவழிகளை எல்லாம் ஒரே வரியாகச் சுருக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு இந்த மேம்படுத்தல் வேறெதையும்விட முக்கியம். எழுத்துகளை வரையும் பழைய எஸ்டிஎல்_டிடிஎஃப் நூலகம் ஒவ்வொரு யூனிகோட் குறியெண்ணுக்கும் ஓர் உருவம் என்று வரிசையாக ஒட்டிவைக்கும். ‘கெ’ எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும், ‘கு’ சேராமல் பிரிந்து நிற்கும். அதனால் எழுத்தைச் சரியாகச் சேர்க்கத் தெரிந்த பாங்கோ நூலகத்திலோ, ராக்ம் சேர்த்த பில்லோ பட நூலகத்திலோ எழுத்தை வரைந்து படமாக பைகேமுக்குள் கொண்டுவருவதே வழக்கமாக இருந்தது. எஸ்டிஎல்_டிடிஎஃப்பின் புதிய பதிப்புகளில் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் வழியே உருச்சேர்க்கை, அதாவது குறியெண்களைச் சேர்த்து ஒரே உருவமாக்குவது, கிடைக்கிறது. பைகேம்-சிஇயில் எழுத்துருப் பொருளுக்கு செட்_ஸ்கிரிப்ட் என்ற செயல் உண்டு. அதில் ‘டிஏஎம்எல்’ என்ற நான்கெழுத்துக் குறியை, முதலெழுத்து மட்டும் பெரியதாக, கொடுங்கள். தானே கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

உருச்சேர்க்கை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ‘கெ’, ‘கு’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ நான்கையும் 60 அளவில் வரைந்து கண்ணால் பாருங்கள். எழுத்துருவைக் கணினியில் தேடாமல் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றின் கோப்பை நிரலோடு சேர்த்தே அனுப்புங்கள். பைகேம்.ஃப்ரீடைப் தொகுதி இந்த உருச்சேர்க்கையைச் செய்யாது, தமிழுக்கு பைகேம்.ஃபான்ட்தான்.

உருச்சேர்க்கை வந்தபின் வேறொரு பழைய பழக்கம் இடிக்கும். வசனத்தை எழுத்தெழுத்தாகத் தோன்றவைக்க, சரத்தைக் குறியெண் வாரியாக வெட்டுவார்கள். ‘கொடி’ என்பது பைத்தானுக்கு நான்கு குறியெண்கள். முதலில் ‘க’ தெரிந்து அடுத்த கணம் ‘கொ’ ஆகத் துள்ளும். மெய்யையும் அதைத் தொடரும் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஒன்றாகக் கட்டிவைத்து வெட்ட வேண்டும். உள்ளீட்டிலும் கீடவுன் நிகழ்வின் யூனிகோட் பண்பை நம்பாமல் டெக்ஸ்ட்இன்புட் நிகழ்வைப் பிடியுங்கள். தமிழ்99 போன்ற விசைப்பலகைகளின் எழுத்துகள் அங்கே சேர்ந்து வரும், சில நேரம் ஒரே நிகழ்வில் இரண்டு மூன்று குறியெண்களாக.

சோதனைக்கு, காணொளி இயக்கிக்கும் ஒலி இயக்கிக்கும் சூழல்மாறியில் ‘டம்மி’ என்று கொடுத்தால் திரையே இல்லாத சேவையகத்திலும் நிரல் ஓடும். பழைய பதிப்பில் எடுத்த திரைப்பிடிப்புகளோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடாதீர்கள். வட்டமும் நீள்வட்டமும் வரையும் முறை மாறியிருக்கிறது. ஆரம் 0 கொடுத்தால் முன்பு ஒரு புள்ளி விழும், இப்போது ஒன்றும் விழாது. எழுத்தின் உயரமும் ஒன்றிரண்டு புள்ளி நகரும். சிறு வேறுபாட்டைப் பொறுக்கும் ஒப்பீடு வையுங்கள்.

பைகேமா, பைகேம்-சிஇயா என்றால், புதிதாகத் தொடங்குபவருக்கும் தமிழ் எழுத்து தேவைப்படுபவருக்கும் சிஇதான். தசம இடங்களைத் தாங்கும் எஃப்ரெக்ட் என்ற செவ்வகப் பொருள் அங்கே இருக்கிறது. நகரும் பொருளுக்குத் தனியே இரண்டு தசம எண்களை வைத்துக்கொண்டு திரியும் தொல்லை விட்டது. ஆனால் அதைப் பயன்படுத்திய பிறகு திரும்பிப் போக முடியாது. முதலில் இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் வைத்து 2-க்கு மாறி, எல்லாம் நிலைத்த பிறகு சிஇக்கு மட்டும் உரியதைத் தொடுங்கள். தேவைப் பட்டியலில் பதிப்பு எண்ணை இரண்டு சமக்குறி போட்டுப் பூட்டிவிடுங்கள்.

மாற வேண்டாம் என்று சொல்லத்தக்க ஒரே இடம், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் எஸ்பிஐ இணைப்பு வழியே பொருத்திய சிறு தொடுதிரைகள். டெஸ்க்டாப் இல்லாமல் எஃப்பிகான் இயக்கியில், எஃப்பி1 என்ற சட்டக இடையகத்துக்கு (திரையில் தெரியும் படத்தை வைத்திருக்கும் நினைவகத்துக்கு) நேரே வரைந்தவை அவை. எஸ்டிஎல் 2-இல் எஃப்பிகான் இல்லை, தொடுகையைப் படிக்க இருந்த டிஎஸ்லிப் நூலக வழியும் இல்லை. கட்டாயம் மாற வேண்டுமென்றால், டம்மி இயக்கியில் வரைந்து, பரப்பை 16 பிட்டுக்கு கன்வர்ட் செய்து, கெட்_பஃபர் தரும் பைட்டுகளை எஃப்பி1 கோப்பில் எழுதலாம். தொடுகையை லினக்ஸின் உள்ளீட்டு இடைமுகமான எவ்டெவ் மூலம் தனியே படிக்க வேண்டும். 320-க்கு 240 திரையில் ஒரு சட்டகம் 1,53,600 பைட், அதனால் எழுதுவது சுமையில்லை. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பிய பழைய டிஸ்ப்ளே.அப்டேட் சிக்கனம் மட்டும் இதில் கிடைக்காது.