ஏடிஹெச்டியும் தூக்கமும்: ஒரு வருஷத்துக்கு மேல் சிபிடி-ஐ செய்து பார்த்த அனுபவம்

ஏடிஹெச்டி (ADHD, கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தச் சிரமப்படும் நிலை) உள்ள பெரியவர்களுக்கு சிபிடி-ஐ (CBT-I) எனப்படும், தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை பலன் தருமா என்று கேட்டால், தரும் என்பேன். ஆனால் எல்லோருக்கும் சொல்லும் விதிகளை அப்படியே நம்மிடம் கொடுத்தால் பாதியில் விட்டுவிடுவோம். விதிகளை நமக்கேற்ப மாற்றித் தரத் தெரிந்த தெரபிஸ்ட் வேண்டும்.

எனக்கு பெங்களூரில் வீடு அல்சூர், வேலை ஒயிட்ஃபீல்டில். முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஏடிஹெச்டி என்று தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முன் தூக்கம் வராது, காலையில் யார் எழுப்பினாலும் எழ முடியாது. முதலில் பார்த்த டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். மறுநாள் மதியம் வரை தலை மந்தமாகவே இருக்கும். அப்புறம் ஒரு மனநல மருத்துவர்தான் சிபிடி-ஐ செய்து பாருங்கள் என்றார். நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பெரியவர்களுக்கு முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016லேயே பரிந்துரைத்திருக்கிறது.

முதல் வேலை தூக்க டைரி. எத்தனை மணிக்குப் படுத்தோம், தோராயமாக எப்போது தூங்கினோம், எப்போது எழுந்தோம் என்று தினமும் எழுத வேண்டும். நோட்டில் எழுதுவது எனக்கு நடக்கவில்லை. பல் தேய்க்கும் இடத்தில் கண்ணாடிமேல் ஒரு காகிதத்தை ஒட்டி, பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்ட பிறகு ஒழுங்காக நடந்தது.

அடுத்தது படுக்கை நேரத்தைக் குறைப்பது. நான் எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்று டைரியில் தெரிந்ததால், படுக்கையே ஆறு மணி நேரம்தான் என்றார் தெரபிஸ்ட். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்தால் கால் மணி நேரம் கூட்டலாம். அந்த முதல் வாரங்கள் உண்மையிலேயே கஷ்டம். பகலில் கண் சொக்கும். ஸ்கூட்டரை எடுக்காமல் பர்ப்பிள் லைன் மெட்ரோவில்தான் ஆபீஸ் போனேன். வலிப்பு நோய், பைபோலார் (இருமுனை மனநிலைக் கோளாறு) உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே செய்யவே கூடாது. டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ என்பது இன்னொரு விதி. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது என்பதற்காக. ஏடிஹெச்டி மூளைக்கு இது பெரிய கண்ணி. எழுந்தால் பீரோவைக் கலைத்து அடுக்க ஆரம்பித்துவிடுவோம், மணி நாலாகிவிடும். அதனால் எழுந்தால் என்ன செய்வது என்பதை மாலையிலேயே முடிவு செய்து எடுத்து வைக்கச் சொன்னார் தெரபிஸ்ட். குளிர்கால மாதங்களில் பெங்களூர் முழுக்க அவரைக்காய்தானே. ஊற வைத்த கொட்டையைச் சின்ன விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிதுக்குவேன். விரல் ஈரம், தோல் வழுக்கி வரும் அந்த ஒரே மாதிரி அசைவு. கிண்ணம் பாதி நிறைவதற்குள் கண் இழுத்துவிடும். காலையில் அத்தை, "பிதுக்கி வெச்சிட்டியாம்மா? அப்போ இன்னைக்குக் குழம்பு வெச்சிடறேன்" என்பார்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது எழும் நேரம்தான். ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு உடல் கடிகாரமே பின்தங்கி ஓடுகிறது. அவர்களில் படுத்ததும் தூக்கம் வராதவர்களுக்கு மாலையில் மெலடோனின் (தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன்) சுரப்பது மற்றவர்களைவிட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாவதை நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2010இல் காட்டியது. சோம்பேறி என்று கேட்டே வளர்ந்த எனக்கு அதைத் தெரிந்துகொண்டதே பெரிய ஆறுதல். கடிகாரத்தை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்தில் எழுந்து அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கிறேன். மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

ராத்திரி வேலையை நிறுத்த வைப்பதற்குப் போன் அலாரம் உதவவில்லை, கை தானாக அணைத்துவிடும். ஹால் விளக்குக்கும் வைஃபைக்கும் டைமர் வைத்தோம், அது உதவியது. தளர்வுப் பயிற்சி ஆடியோக்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஏடிஹெச்டி மாத்திரையைக் காலையில் சீக்கிரம் எடுக்கும்படி டாக்டர் மாற்றியதும் பலன் தந்தது.

இப்போது பெரும்பாலும் பன்னிரண்டரைக்குள் தூங்கிவிடுகிறேன். பொங்கலுக்கு வேலூர் போய் வந்தால் எல்லாம் கலைந்துவிடும். அப்போது படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், சில நாளில் சரியாகிவிடுகிறது. கவனம் சிதறுவது குறையவில்லை, ஆனால் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது நன்றாகவே குறைந்திருக்கிறது. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசிக் கேட்கலாம், இலவசம்.