வல்லொற்றில் தடுமாறும் அகராதி: கோல்டன்டிக்டில் ஹன்ஸ்பெல்

தமிழ் நூல்களைத் திரையில் படிக்கும் நண்பர் ஒருவர், கோல்டன்டிக்ட் அகராதிச் செயலியில், விகுதிகளை நீக்கி மூலச்சொல்லைக் காணவும் எழுத்துப்பிழைக்குப் பரிந்துரை தரவும் உதவும் ஹன்ஸ்பெல் என்ற மென்பொருளைச் சேர்ப்பதால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்டார். நெடுநாளாக அதைப் பயன்படுத்தி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்துக்குத் தயக்கமே வேண்டாம். சொற்பட்டியல், விகுதி விதிகள் ஆகிய இரண்டு கோப்புகளையும் ஒரு கோப்புறையில் இட்டு, அமைப்புகளில் அதைக் காட்டினால் போதும். ‘ஸ்டடீஸ்’ என்று தேடினால் ‘ஸ்டடி’ வந்து நிற்கும்.

தமிழில் கிடைத்த மகிழ்ச்சி இதைவிடப் பெரிது. ‘ஆற்றில்’ என்பதிலிருந்து ‘ஆறு’, ‘மரத்தை’ என்பதிலிருந்து ‘மரம்’ என்று மூலச்சொல்லைத் தானே கண்டுபிடித்து, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்குள் அது நம்மைக் கொண்டு சேர்க்கிறது. புணர்ச்சி விதி தெரிந்தால்தான் அகராதியைப் புரட்ட முடியும் என்ற தடை, தமிழ் கற்கத் தொடங்குபவருக்கு இதனால் பாதியாவது விலகுகிறது.

ஆனால், ஒரு குறை உண்டு. ‘வீட்டை’ என்று தேடினால் ‘வீடு’ கிடைக்கிறது. ‘வீட்டைப் பார்த்தான்’ என்ற தொடரிலிருந்து ‘வீட்டைப்’ என்பதைத் தெரிவுசெய்தால் ஒன்றுமே கிடைப்பதில்லை. இறுதியில் நிற்கும் அந்தப் ‘ப்’ ஒன்றுதான் காரணம். இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகள் விரிந்து வரும் இடங்களில் க, ச, த, ப முன் வலி மிகும் என்பது பள்ளியில் படிக்கும் இலக்கணம். ஆகவே, ஒற்றுப்பிழை இல்லாமல் கவனமாக அச்சிட்ட நூலில்தான் தேடல் அதிகம் தோற்கிறது. ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எழுதியவரின் பக்கத்தில் எல்லாம் சரியாக நடக்கிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

முழுப் பழியையும் ஹன்ஸ்பெல்மீது போடுவது நியாயமன்று. ஹங்கேரிய மொழிக்காக உருவான அது, ஒரு சொல்லிலிருந்து இரண்டு அடுக்கு விகுதிகளைக் கழற்றக்கூடியது. ‘மரங்களுக்குக்’ என்பதிலோ ‘கள்’, ‘கு’, இறுதி ஒற்று என மூன்று அடுக்குகள் உள்ளன. விதி எழுதுபவர் இவற்றை முன்கூட்டியே இணைத்து எழுதியிருக்க வேண்டும். நான் நிறுவிய தமிழ்க் கோப்பில் வேற்றுமைகள் உள்ளன, ஒற்று இல்லை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால், ‘பேங்க்’ போன்ற பிறமொழிச் சொற்களுக்கு மட்டும் விலக்களித்து, தேடுவதற்கு முன்பே அந்த மெய்யை உதிர்த்துவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

எழுத்துப்பிழைப் பரிந்துரையும் முதலில் சுமாராகவே இருந்தது. விதிக் கோப்பின் மாற்றெழுத்து அட்டவணையில் ல–ள–ழ, ர–ற, ன–ண இணைகளை நானே சேர்த்த பிறகு, ‘பளக்கம்’ என்று தட்டினால் ‘பழக்கம்’ முதலில் வருகிறது. சில வரிகளில் முடிந்த இந்த வேலையைக் கோப்பைத் தொகுத்தவரே செய்திருக்கலாம்.

எனவே, ஆங்கிலத்துக்கு இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு இப்போது வேண்டாம் என்றே நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்; என் கணினியிலிருந்து மட்டும் அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.