திருகோணமலையில் ஒரு மாஸ்க்கும் ஆறு துணி வளையங்களும்

பார்மசியில் நின்றவர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டே, "என்ன, அலர்ஜியா?" என்று கேட்டார். "முகம் சிவந்து எரியுது" என்றேன். திரும்பி ஒரு டியூப்பும் ஒரு அட்டை குளிசையும் எடுத்து, காகித உறையில் போட்டு நீட்டினார். "காலையும் இரவும் பூசுங்க, குளிசை இரவைக்கு ஒண்டு." அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்றவர் அதற்குள் தன் மருந்துத் துண்டை என் தோளுக்கு மேலால் நீட்டிவிட்டார்.

மூன்று கிழமை ஊரில் நின்றேன். பெறாமகளின் கலியாணம், கோணேசர் கோவில், கோட்டைக்குள் மான்கள், கடற்கரை எல்லாம் ஆசை தீரக் கிடைத்தன. ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த டியூப்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எனக்கு ஸ்லீப் அப்னியா. தூக்கத்தில் தொண்டை ஒடுங்கி, மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம். கனடாவில் நான் இருக்கிற ஸ்காபரோவில் ஓர் இரவு படுக்கவைத்துச் சோதித்தபோது மணித்தியாலத்துக்கு 34 தடவை மூச்சு தடைப்படுகிறது என்றார்கள். 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை. ஆறு வருடமாக மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் போட்டுத்தான் படுக்கிறேன். மெஷின் காற்றை ஓர் அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். ஒன்ராறியோவில் அந்த மெஷினுக்கு அரசு அங்கீகரித்த விலையில் 75 சதவீதத்தை அரசே தந்தது. மாஸ்க் சரியில்லை என்றால் கிளினிக்குக்கு ஒரு போன். போய் இருந்தால் நாலு அளவு போட்டுப் பார்த்துத் தருவார்கள். இந்த ஆறு வருடத்தில் முகத்தில் ஒரு சின்னத் தடிப்புக்கூட வந்ததில்லை.

ஊருக்குப் போன நாலாம் நாளே தொடங்கிவிட்டது. ஆனி மாதம், கச்சான் காற்று பகலெல்லாம் அனலாக அடித்தது. ஏசி அறையைக் கலியாண வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நானும் அக்காவும் பேனுக்குக் கீழே படுத்தோம். இரவெல்லாம் வியர்வை. வியர்த்த முகத்தில் மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு வழுக்கும். வழுக்கினால் காற்று கசிந்து கண்ணுக்குள் அடிக்கும். நித்திரைத் தூக்கத்தில் நான் என்ன செய்வேன், பட்டியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்குவேன். விடிய எழும்பிப் பார்த்தால் மூக்குத்தண்டில் வெற்றிலைச் சாறு பூசியது போல ஒரு சிவப்பு, இரண்டு கன்னத்திலும் வளைவாகத் தடித்த கோடு.

அக்காவுக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் மாஸ்க்கைக் கழற்றி, கொதிநீரில் கிருமிநாசினி ஊற்றி ஊறப்போட்டு, உச்சி வெயிலில் உடுப்புக் கொடியில் தொங்கவிட்டிருந்தார். அந்த அன்பில் நான் என்ன குறை சொல்ல? சின்ன வயதில் என் காயங்களுக்கெல்லாம் அந்த மருந்துத் தண்ணியை ஊற்றிக் கழுவியவர் அவர்தான். ஆனால் அன்றிரவு அந்த மணம் பிடித்த சிலிக்கன் முகத்தில் பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. மாமி மஞ்சள் பூசச் சொன்னார். இன்னொருவர் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணியில் முகம் கழுவினால் போய்விடும் என்றார். பெரியாஸ்பத்திரி என்றால் விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும், கலியாண வீட்டில் அதற்கு ஆள் இல்லை. தோல் டொக்டரைச் சனல் பண்ணலாம், அதாவது காசு கட்டித் தனியாகப் பார்க்கலாம் என்றால் அவர் சனிக்கிழமைதான் வருவாராம். அப்படித்தான் அந்தப் பார்மசி வாசலில் போய் நின்றேன்.

டியூப்பை இரண்டு நாள் பூசினேன். முதல் நாள் சிவப்பு குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் பிசுக்கு மருந்து பூசிய முகத்தில் மாஸ்க் நிற்காது. வழுக்க வழுக்க நான் இறுக்க, இரண்டாம் நாள் விடிய மூக்குத்தண்டில் தோல் உரிந்து நீர் கசிந்தது. அப்போதுதான் டியூப்பை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். குளோபெட்டசோல். பூசுகிற ஸ்டீரோயிட் மருந்துகளிலேயே மிகக் கடுமையான வகை, அதோடு பூஞ்சைக்கும் கிருமிக்கும் ஒவ்வொரு மருந்து கலந்தது. முகத் தோலை மெல்லியதாக்கிவிடும் என்பதால் டொக்டர் சொல்லாமல் முகத்தில் பூசவே கூடாதது. அட்டையில் இருந்தது தூக்கம் வர வைக்கிற பழைய அலர்ஜிக் குளிசை. தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஒருத்திக்கு அதைக் கொடுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். முகத்தில் ஏன் வந்தது, எத்தனை நாள், வேறு வருத்தம் இருக்கிறதா? ஸ்காபரோவில் தலையிடிக் குளிசை வாங்கினாலே சில வேளை மருந்தாளர் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்பார். இதற்குப் பெரிய கட்டிடமோ பணமோ தேவையில்லை. தலையை நிமிர்த்தினால் போதும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பிறகு மூன்று இரவு மாஸ்க் இல்லாமல் படுத்தேன். தலையணைகளை உயர்த்தி, பக்கவாட்டில் சரிந்துதான் படுத்தேன். எனக்குப் பகலெல்லாம் தலை பாரமும் அசதியும். அக்காவுக்கு அதைவிட மோசம். நடுச்சாமத்தில் கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் இருந்து என் முதுகில் கை வைத்திருந்தார். "நிக்குதடி. நிண்டு நிண்டு வருது" என்றார். "நான் எண்ணிக்கொண்டிருக்கிறன்." மூன்று இரவும் அப்படியே இருந்திருக்கிறார், கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கையில்.

சரி, இனி ஆறியிருக்க முடியாது என்று பெறாமகன் என்னைப் பின்னேரம் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனான். முப்பது வயதுகூட மதிக்க முடியாத பெண் டொக்டர். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே, "மாஸ்க்கைக் கொண்டு வந்தீங்களா அன்ரி?" அதுவரை எவரும் கேட்காத கேள்வி. பெறாமகன் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய் எடுத்து வந்தான். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, மாஸ்க்கை மெதுவாகப் போடச் சொல்லி, பட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"சிலிக்கனுக்கு உண்மையான அலர்ஜி வாறது குறைவு. வேர்வை, முக எண்ணெய், கழுவின மருந்தின்ர மிச்சம், அதோட இந்த இறுக்கம். இவ்வளவும் சேர்ந்தால் தோல் என்ன செய்யும்?" என்றார். டியூப்பை நிறுத்தச் சொன்னார். உரிந்த இடத்துக்கு ஹைட்ரோகொலோயிட் என்கிற மெல்லிய ஒட்டுத் துண்டு எழுதித் தந்தார். மாஸ்க்கைத் தினமும் வாசனையில்லாத மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக அலசி, நிழலில் காயவிட வேண்டும். முகத்தையும் படுக்கும் முன் கழுவ வேண்டும். வாசலின் பூசக்கூடாது, அது சிலிக்கனைக் கெடுக்கும். பட்டியை எழும்பி இருந்தபடி அளக்காமல், மெஷின் ஓடும்போது படுத்தபடி, காற்று கசியாத அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். கடைசியாக, "பழைய நூல்துணி ஒண்டை முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில வைச்சுப் பாருங்க, வேர்வையை உறிஞ்சும்" என்றார்.

அப்படியான துணியை மாஸ்க் விளிம்பின் அளவுக்கு வளையமாக்கிக் கனடாவில் பெட்டியில் போட்டு விற்பார்கள், ஒன்லைனில் வாங்க வேண்டும். இங்கே அக்கா தன் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் ஒரு தையல்கடைக்கு நடந்தார். மிதிக்கிற மெஷின், மூலையில் ஒரு ரேடியோ, பாதி தைத்த பள்ளிக்கூடக் கவுன்கள். தையல்கார நானா கண்ணாடியை மூக்கில் ஏற்றி மாஸ்க்கை வாங்கினார். என்ன இது என்று கேட்கவில்லை. விளிம்பைச் சுற்றி விரலால் தடவினார், பிறகு என் மூக்கைப் பார்த்தார்.

"இதுதான் வெட்டுற இடம், என்ன தங்கச்சி?"

பழைய பேப்பரில் விளிம்பை அழுத்திக் கோடு விழுத்தி, பென்சிலால் வரைந்து, வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டினார். சேலையை நேராக வெட்டாமல் மூலைவாட்டத்தில் போட்டார். "நேர வெட்டினா துணி விறைச்சு நிக்கும். மூலைவாட்டத்தில வெட்டினா வளைஞ்சு குடுக்கும்." ஓரத் தையலின் முடிச்சு தோலில் படாமல் வெளிப்புறமாக வரவேண்டும் என்று அவரே சொன்னார், நான் வாய் திறக்கும் முன். முன்னால் இருக்கிற சின்ன ஓட்டைகளைக் காட்டி, "இதால மூச்சு வெளிய போகுமா?" என்று கேட்டார். ஓம், அதைத் துணி மூடவே கூடாது என்றேன். தலையாட்டிவிட்டுப் பேப்பர் அச்சை இன்னும் கொஞ்சம் ஒடுக்கினார். முதல் வளையத்தை அங்கேயே என்னைப் போட்டுப் பார்க்க வைத்து, மூக்குத்தண்டுப் பக்கம் ஒரு மடிப்பைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். ஆறு தைத்தார், ஒரு நாளைக்கு ஒன்று, கழுவிக் காயப்போட வசதியாக. 600 ரூபாய். கூடத் தர வெளிக்கிட்டபோது மிச்சக் காசை என் கையில் வைத்து மூடினார்.

அன்றிரவு முகம் கழுவி, மூக்குத்தண்டில் ஒட்டுத் துண்டு ஒட்டி, சேலை வளையத்தை வைத்து, பட்டியை இரண்டு பிடி தளர்த்திப் படுத்தேன். துணி அக்காவின் அலுமாரி மணத்தோடு இருந்தது. கொஞ்சம் கசிவுச் சத்தம் வந்தது, ஒரு பக்கம் இழுத்துவிட்டதும் நின்றது. கலியாணத்தன்று மூக்கில் ஒரு மங்கல் தழும்பு இருந்தது, கன்னத்துக் கோடுகள் மறைந்துவிட்டன.

துணி வளையத்தோடு படுத்த அந்த முதல் நாள் விடிய நான்தான் முதலில் எழும்பினேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வந்து பார்த்தால், கலியாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நல்ல நித்திரை. ஏழு மணி தாண்டியும் நான் எழுப்பவில்லை.